எட்டு முதுகும் ஒரு கயிறும்

வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. அந்த வாளியைத் தள்ளி வச்சா பின்னால நிக்கிற ரெண்டு பேருக்கும் இடம் கிடைக்கும். இன்னைக்கு நான் சொல்லப் போறது ராசா கதையும் இல்லை, பேய்க் கதையும் இல்லை. எட்டுச் சட்டையும் ஒரு கயிறும் உள்ள கதை. போன தை மாசம் நடந்தது. கேட்டு முடிக்கிறப்ப உங்க கை சும்மா இருக்காது, எதையாவது இறுக்கிப் பிடிக்கச் சொல்லும். பிடிச்சுக்கோங்க, பக்கத்துல இருக்கிறவங்க கையையே பிடிச்சுக்கோங்க.

எம். புதுப்பட்டியில் பானுப்பிரியா என்று ஒருத்தி. முப்பத்தி நாலு வயசு. பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டி வாணத்துக்கு வெடிமருந்து நிரப்புகிற வேலை, பன்னிரண்டு வருசமாக. மருந்து அறை என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே தட்டக்கூடாது, தேய்க்கக்கூடாது, தரையில் எதையும் இழுக்கக்கூடாது, டொம்மென்று வைக்கக்கூடாது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கையும் காலும் தானாக மெதுவாகிவிடும். பன்னிரண்டு வருசம் அப்படிப் பழகின கை, வீட்டுக்கு வந்தால் மாறுமா? பானு சோற்றுப்பானையை மூடினால் சத்தம் கேட்காது. கதவைச் சாத்தினால் கதவுக்கே தெரியாது. அவள் புருசன் முனியராஜ் சிவகாசியில் காலண்டர் அடிக்கிற அச்சாபீஸில் மெஷின்மேன். நாள் முழுக்க கடகடவென்ற இரைச்சலில் நின்றுவிட்டு வருகிறவன், "நம்ம வீட்டுல பூனை மட்டுந்தான் சத்தம் போட்டு நடக்குது" என்பான்.

போன ஆவணியில் இருக்கன்குடியில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. தாய்மாமன் வீட்டார் பதினைந்து பேரும் ஒரே பச்சை நிறத்தில் டீ-சர்ட் போட்டு வந்து இறங்கினார்கள். முதுகில் கொட்டை எழுத்தில் 'தாய்மாமன் படை' என்று இருந்தது. ஊரே பிள்ளையின் காதைப் பார்க்கிறது. நம்ம பானு மட்டும் தம்பி முறையுள்ள ஒருத்தன் முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, காது அங்கன குத்துறாக. எம் முதுகுல என்னத்தத் தேடுறீக?"

"இது பெயின்டாடா தம்பி? கையில ஒட்டல. துணிக்கு மேல எழுத்து தனியா உக்காந்திருக்கே!"

"வினைலுக்கா. தாள் மாதிரி சுருள் சுருளா வரும். எழுத்த வெட்டி, துணி மேல வச்சு, சூடு காட்டி அமுக்குனா ஒட்டிக்கிடும். அம்புட்டுத்தான்."

அம்புட்டுத்தான்! அந்த ஒரு சொல்தான் கண்ணுகளா, அவளைப் பிடித்துக்கொண்டது. சூடும் மருந்தும் ஒன்றையொன்று பார்த்துவிடக் கூடாது என்றே பன்னிரண்டு வருசம் கவனமாக இருந்தவளுக்கு, சூட்டைக் கூப்பிட்டு வேலை வாங்கலாம் என்பது பெரிய அதிசயமாக இருந்தது. அன்றைக்குப் பந்தியில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் செல்போனில் அதைப் பற்றியே பார்த்தாள். பார்த்தாள், பார்த்தாள், முனியராஜ் ஒரு நாள் போனை அடுக்குப்பானைக்குள் ஒளித்து வைக்கிற அளவுக்குப் பார்த்தாள். தீபாவளி போனஸ் வந்ததும் கம்மல் மாற்றவில்லை. சிவகாசியில் ஒருத்தர் பெரிய மெஷின் வாங்கிவிட்டுப் பழசை விற்றார். போனஸ் பணத்தில் அதை வாங்கி, லோடு ஆட்டோவில் ஏற்றி வந்து நடுவீட்டில், தகர மேசை மேல் இறக்கினாள். ஹீட் பிரஸ் என்று பேர். கீழே ஒரு தட்டு, மேலே கொதிக்கிற தட்டு, பிடித்து இறக்க ஒரு கைப்பிடி, உச்சியில் அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு. முதலை வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிற மாதிரி இருக்கும்.

கம்பெனி போர்மேன் அருள்பாண்டியிடம் போய், வேலையை விடப் போவதாக நேராகவே சொல்லிவிட்டாள். அவர் நல்ல மனுசன். "யோசிச்சுக்கோ பானு. பொங்கல் லீவு முடிஞ்சு தை அஞ்சு கம்பெனி தொறக்கும். அதுவரைக்கும் ஒன் இடத்துல ஆள் போடமாட்டேன். அன்னைக்கு நீ வரலேன்னா வேற ஆளு" என்றார். ஆக, தை ஐந்துக்குள் தெரிந்தாக வேண்டும். இந்தச் சட்டைத் தொழில் நிலைக்குமா, இல்லை அவள் திரும்பவும் மருந்து அறை வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று.

முதல் பரீட்சை புருசனின் பனியன் மேல் நடந்தது. எழுத்து வெட்டுகிற மெஷின் அவளிடம் கிடையாது. கொழுந்தன் முறையுள்ள செல்லச்சாமி சிவகாசியில் வண்டிக்கு நம்பர் ஸ்டிக்கர் வெட்டுகிற கடை வைத்திருந்தான். சிவப்பு வினைலில் 'முனியராஜ்' என்று வெட்டிக் கொடுத்தான். பானு மெஷினைச் சூடாக்கி, பனியனை விரித்து, வைத்து அமுக்கி எடுத்தாள். எழுத்து ஜம்மென்று ஒட்டியிருந்தது. ஆனால் இடது வலது மாறி, பின்பக்கமாகப் பார்த்த எழுத்து மாதிரி நின்றது.

என்ன நடந்தது தெரியுமா? வினைலுக்கு ஒரு பக்கம் கண்ணாடித்தாள் இருக்கும். வெட்டிய பிறகு கவிழ்த்துத்தான் துணி மேல் வைக்க வேண்டும். கவிழ்த்தால் எழுத்து திரும்பிவிடும். அதனால் வெட்டும்போதே இடவலம் மாற்றி வெட்ட வேண்டும். செல்லச்சாமியோ ஆயுசு பூரா நம்பர் பிளேட்டுக்கு நேராக வெட்டிப் பழகினவன்.

முனியராஜ் பனியனைப் போட்டுக்கொண்டு பீரோக் கண்ணாடி முன்னால் நின்றான். "ஏ பிள்ள, இங்கன வா. சரியாத்தான இருக்கு?"

"கண்ணாடிக்குள்ள சரியா இருக்கு. வெளிய நீங்க யாரு மச்சான்?"

"அது போகட்டும். உள்ளேயாவது ஒருத்தன் முனியராஜா இருக்கான்ல?"

ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு வள்ளித்தாய் என்னமோ ஏதோ என்று வந்துவிட்டாள். இந்த வள்ளித்தாய் யார் என்று சொல்லிவிடுகிறேன். பானுவோடு ஒரே அறையில் மருந்து நிரப்புகிறவள். நாற்பத்தாறு வயசு, நல்ல ஆகிருதி. அறைக்குள்ளே கிசுகிசுப்பாள், வெளியே வந்தால் அவள் குரல் ரெண்டு தெரு தள்ளிக் கேட்கும். பனியனைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள், இடுப்பில் கை வைத்தாள்.

"ஏ பானு, பொம்பளைக பேரும் இதுல ஒட்டுமா?"

"எந்தப் பேரும் ஒட்டும்க்கா."

"அப்ப எட்டுச் சட்டை அடி. காணும் பொங்கலுக்குக் கயிறு இழுக்கப் போறோம்ல, அதுக்கு."

அதில் ஒரு பழைய கோபம் இருந்தது. முந்தின வருசம் ஆனைக்குட்டத்துப் பெண்களோடு கயிறு இழுத்தபோது மைக் பிடித்த ஒச்சப்பனுக்கு இவர்கள் பேர் ஒன்றும் தெரியவில்லை. 'முன்னால நிக்கிறது லோடுமேன் சம்சாரம், அடுத்து டீக்கடை மருமக, கடைசியில வாட்ச்மேன் சம்சாரம்' என்றே போட்டி முடிகிற வரைக்கும் ஓட்டிவிட்டான்.

"கயிற இழுத்தது நானா, எம் புருசன் பார்க்கிற வாட்ச்மேன் உத்தியோகமா?" என்றாள் வள்ளித்தாய். "கம்பெனிக்குத்தான் சேலைக்கு மேல வீட்டுக்காரவுக பழைய சட்டையப் போட்டுட்டுப் போறோம். கிரவுண்டுக்காவது நம்ம பேரு போட்ட சட்டை போடுவோம்டி. முதுகுல, தடியா. ஒச்சப்பன் மேடையில இருந்து வாசிக்கணும்."

பானுவுக்கு முதல் ஆர்டர்! அதுவும் ஊரே கூடுகிற இடத்தில், எட்டு முதுகில் அவள் வேலை நடக்கப் போகிறது. அது நன்றாக அமைந்துவிட்டால் தொழில் நிலைத்த மாதிரி. அந்த எட்டில் ஒரு முதுகு அவளுடையது. அவளும் கயிறு இழுக்கிறவள்தான்.

எழுத்தில்லாத வெறும் சட்டை எடுக்க விருதுநகர் போனார்கள், பானுவும் கீர்த்திகாவும். கீர்த்திகா புதுசாகக் கல்யாணமாகி வந்த பெண், அந்த ஊரை ஒட்டிய சூலக்கரைப் பக்கம் பிறந்தவள், கடைத்தெரு அவளுக்குத் தண்ணிபட்ட பாடு. கடைக்காரப் பையன் ஒரு கட்டுச் சட்டையை எடுத்துப் போட்டு, "சுத்தமான பருத்திக்கா" என்றான். பானு நுனியை ரெண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள்.

"இதுல பாலியஸ்டர் கலந்திருக்கு தம்பி."

"தொட்டதும் எப்படிக்கா சொல்றீக?"

"எங்க கம்பெனி வாசல்ல மொதல்ல அதைத்தான் பார்ப்பாக. கலப்புத் துணி கட்டிட்டு வந்தா உள்ள விடமாட்டாக. நல்ல பருத்தியா எடு."

பையன் உள்ளே போய் வேறு கட்டு எடுத்து வந்தான். கருநீலம். எழுத்துக்கு வெள்ளி நிற வினைல் பளபளவென்று இருக்கும் என்றான் இன்னொரு கடைக்காரன். பானு தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். நகக்கண்ணில் அலுமினியப் பொடி இன்னும் லேசாக மின்னியது. "வெள்ளி வேண்டாம், வேணும்ங்கிற அளவு பார்த்தாச்சு. மஞ்சள் குடுங்க" என்றாள். பழுத்த எலுமிச்சை மாதிரி ஒரு மஞ்சள்.

செல்லச்சாமி இந்தத் தடவை இடவலம் மாற்றி வெட்டிக் கொடுத்தான். வெட்டிய பிறகு எழுத்தை விட்டுவிட்டு, சுற்றியுள்ள வேண்டாத வினைலை உரித்து எடுக்க வேண்டும். 'ளி'யின் சுழிக்குள் ஒரு பொட்டு இருக்கும், 'த்'தின் புள்ளி கடுகளவுதான் இருக்கும். ஊக்கு நுனியால் பானு உரிக்கிறதைப் பார்க்க வேண்டுமே! ஒரு புள்ளி தவறவில்லை. கீர்த்திகா பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பிளந்தாள். "மதினி, எறும்புக்குச் சட்டை கேட்டாக்கூட தைச்சுக் குடுத்துருவீக போல!"

பிறகு மெஷின். நூற்றைம்பது டிகிரி சூடு, பதினைந்து செகண்டு, நன்றாக அழுத்த வேண்டும் என்று போனில் பார்த்த வீடியோவில் சொன்னார்கள். முதல் தடவை இறக்கியபோது தகர மேசை 'டக்'கென்றது. பானுவின் தோள் தூக்கிப்போட்டது. அந்தச் சத்தம் அவளுக்கு ஆகவில்லை. உச்சித் திருகைத் தளர்த்தினாள். இன்னும் கொஞ்சம் தளர்த்தினாள். அப்புறம் தூங்குகிற பிள்ளை மேல் போர்வை போடுகிற மாதிரி, சத்தமே இல்லாமல் தட்டை இறக்கினாள். நேரம் முடிந்ததும் மெஷின் மணி அடித்தது. கண்ணாடித்தாளை உரித்தால், கருநீலத்தில் மஞ்சளாக 'கீர்த்திகா' நின்றாள்.

"ஐயோ மதினி! என் பேரு இம்புட்டு அழகா?" என்று அந்தப் பெண் சட்டையோடு சுற்றிச் சுற்றி வந்தாள்.

சாயங்காலத்துக்குள் எட்டும் முடிந்தது. ஒரு நாள் தண்ணீர் படக்கூடாது, துவைக்கும்போது உள்பக்கத்தை வெளியே திருப்ப வேண்டும் என்று சொல்லி, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வள்ளித்தாய் தன் சட்டையைக் கொடியில் போட்டு, முன்னால் நின்று, எழுத்துக்கூட்டி வாசித்தாள். "ரேசன் கார்டுல என் பேரு நகம் அளவு இருக்கும்டி. இங்கன பாரு, பலகை அளவுக்கு இருக்கு."

இதுவரைக்கும் எல்லாம் நல்லதாகப் போச்சு, இல்லையா? இனிமே கொஞ்சம் மனசைத் திடப்படுத்திக்கோங்க.

போகியன்று காலையில் கண்மாய்க்கரை மைதானத்தில் பயிற்சி. சட்டையை ஒரு தடவை துவைத்துப் போட்டுக்கொண்டு எட்டுப் பேரும் வந்தார்கள். பயிற்சி கொடுக்கிறவன் சுடலை. மூட்டை தூக்குகிறவன், பாரம் என்றால் அவனுக்குப் பாடம். அவன் விசில் அடிக்க, இவர்கள் இழுத்தார்கள். வேர்த்தது. பத்து நிமிசம் ஆகியிருக்காது, அன்றைக்கு வள்ளித்தாய்க்குப் பின்னால் நின்ற கீர்த்திகா நெற்றியில் ஏதோ ஒட்டியது. எடுத்துப் பார்த்தால் மஞ்சளாக ஒரு 'ய்'. வள்ளித்தாய் முதுகைப் பார்த்தார்கள். 'வ' பாதி தொங்குகிறது, 'ளி' காணோம். மற்றவர்கள் முதுகிலும் எழுத்தின் ஓரமெல்லாம் காய்ந்த வெங்காயத் தோல் மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது.

சைக்கிளில் போன டீக்கடை ஜெயபாண்டி காலை ஊன்றி நின்றான். "ஏத்தா, இது சட்டையா, காலண்டரா? தெனம் ஒண்ணு கிழியுது!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பானு சிரிக்கவில்லை. வள்ளித்தாய் திட்டுவாள் என்று நினைத்தாள். வள்ளித்தாயோ குனிந்து தரையில் கிடந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள், மண்ணை ஊதினாள், முந்தியில் முடிந்துகொண்டாள்.

"எம் பேருடி. மிதிபடலாமா?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால்கூட பானுவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சோதித்தாள். சூடு சரி. நேரம் சரி. வினைல் நல்ல வினைல், துணி சுத்தமான பருத்தி. முனியராஜ் மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "ஒன் மேல ஒரு தப்பும் இல்ல பிள்ள. பழைய மெஷினு, ஏமாத்திட்டான்" என்றான். தைப்பொங்கல் அன்று பால் பொங்கியது. வாசலில் நின்று குலவை போட்ட பானுவுக்கு மட்டும் குலவை பாதியில் நின்றது. நாலு நாளில் தை ஐந்து. செருப்புக் கழற்றுகிற அந்த வாசற்படி கண் முன்னால் வந்து வந்து போனது.

மறுநாள், மாட்டுப்பொங்கல் காலையில், சட்டை இல்லாமல் பழைய சேலையோடு பயிற்சிக்குப் போனாள். வராவிட்டால் வள்ளித்தாய் வீட்டுக்கே வந்து தூக்கிப்போவாள் என்று பயந்து போனாள். கயிற்றைப் பிடித்து நின்றார்கள். சுடலை ரெண்டு விசில் அடித்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"தங்கச்சிகளா, கையால இழுக்காதீக! கைக்கு எம்புட்டு பெலம் இருக்கும்? பின்னால சாயுங்க, உடம்புப் பாரத்த அப்படியே கயித்துல கொடுங்க. ஏத்தா பானு! நீ கயிறப் பிடிச்சிருக்கியா, பச்சப்பிள்ளையத் தூக்கியிருக்கியா? அமுக்கிப் பிடி தாயி, கயிறு ஒண்ணும் வெடிக்காது!"

பானு தன் கையைப் பார்த்தாள்.

ரெண்டு உள்ளங்கையும் கயிற்றைத் தொட்டும் தொடாமல் நின்றன. மருந்துத் தட்டைப் பிடிக்கிற மாதிரியே. கயிறு ஒண்ணும் வெடிக்காது. மெஷினும் வெடிக்காது! திருகைத் தளர்த்தியது யார்? அழுத்த வேண்டிய இடத்தில் போர்வை போத்தினது யார்? சூடு சரி, நேரம் சரி, அழுத்தம்தான் போதவில்லை. மெஷின் ஏமாற்றவில்லை, அவள் கை அவளுக்கே தெரியாமல் மெஷினுக்கும் மருந்து அறைச் சட்டம் போட்டிருக்கிறது.

கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினாள் பாருங்க. "எங்கனடி போறா இவ?" என்று வள்ளித்தாய் பின்னால் ஓடினாள். வள்ளித்தாய் ஓடினால் மற்ற ஆறு பேரும் ஓட வேண்டியதுதானே? கடைசியில் விசிலோடு சுடலையும் ஓடி வந்தான்.

மெஷின் சூடேறுகிற வரைக்கும் பானுவுக்கு நிற்க முடியவில்லை. "மறுபடி அமுக்குனா ஒட்டும்க்கா! உரிஞ்சு விழாத எழுத்தெல்லாம் பிழைச்சுக்கிடும்! எல்லாச் சட்டையையும் கொண்டுவாங்க!" கீர்த்திகாவின் சட்டையை விரித்தாள். எழுத்து மேல் வெண்ணெய்த்தாள் ஒன்றைப் போட்டாள். உச்சித் திருகை இறுக்கினாள். அரைச் சுற்று, ஒரு சுற்று, ரெண்டு சுற்று. கைப்பிடியைப் பிடித்தாள்.

"கையால இல்லடி," என்றாள் வள்ளித்தாய் பின்னாலிருந்து. "சுடலை என்ன சொன்னான்? உடம்பக் கொடு!"

பானு கண்ணை மூடிக்கொண்டு, மொத்த உடம்பையும் கைப்பிடி மேல் சாய்த்தாள்.

'டமார்!'

தகர மேசை போட்ட சத்தத்தில் கொடியிலிருந்த காக்கா பறந்தது. அடுத்த நிமிசம் தெருக்கதவெல்லாம் திறந்தது. உங்களுக்குத் தெரியும் கண்ணுகளா, நம்ம பக்கத்தில் சத்தம் கேட்டால் சனம் முதலில் பார்க்கிறது வானத்தைத்தான். புகை எந்தத் திசையில், யார் வேலை பார்க்கிற கம்பெனிப் பக்கம் என்று. லீவு நாள் என்றுகூட யாருக்கும் நினைப்பில்லை. கரண்டியோடு ஒருத்தி, தலையில் சோப்பு நுரையோடு ஒருத்தன், எல்லாரும் அண்ணாந்து நிற்கிறார்கள்.

பானு வாசலுக்கு ஓடி வந்தாள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல! நான்தான்! சட்டை அடிக்கிறேன்!"

எல்லாரும் வானத்திலிருந்து கண்ணை இறக்கி அவளைப் பார்த்தார்கள். அப்புறம் சோப்பு நுரைக்காரன், "சட்டையா? ஈரக்குலை நடுங்கிருச்சே தாயி! அடிக்கிறதுக்கு முன்னால ஒரு குரல் குடுக்கக் கூடாதா?" என்றான். தெருவே சிரித்தது. மூச்சு திரும்பி வந்த சிரிப்பு அது.

அதிலிருந்து வள்ளித்தாய் வாசலில் நின்று குரல் கொடுத்தாள்: "அடிக்கப் போறோம்! மூணு, ரெண்டு, ஒண்ணு!" 'டமார்!' ஒவ்வொரு சட்டைக்கும் தெரு சேர்ந்து எண்ணியது. ஐந்தாவது சட்டைக்கு பானு கண்ணை மூடவில்லை. ஏழாவதுக்கு அவளே சத்தமாக எண்ணினாள். சூடு ஆறினதும் நகத்தால் எழுத்தோரத்தைச் சுரண்டிப் பார்த்தார்கள். நகம்தான் தேய்ந்தது.

ஏழு ஆச்சு. எட்டாவது?

வள்ளித்தாய் முந்தி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே எழுத்துகள் மண்ணும் சுருக்கமுமாகக் கிடந்தன. இனி ஒட்டாது. பொங்கலுக்குச் செல்லச்சாமி கடையைப் பூட்டிவிட்டு மாமியார் ஊருக்குப் போய்விட்டான். வினைலில் ஒரு முழத்துக்கும் குறைவான துண்டு மிச்சம் இருந்தது.

"எனக்கு வேண்டாம்டி," என்றாள் வள்ளித்தாய். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள். "ஏழு பேரு பேரு இருக்குல்ல. நான் வாட்ச்மேன் சம்சாரமாவே நிக்கேன்."

"சும்மா இருங்கக்கா," என்றாள் பானு.

காகிதத்தில் மையால் வள்ளித்தாய் பேரைத் தடியாக எழுதினாள். காகிதத்தைப் பின்பக்கமாகத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். எழுத்து இடவலம் மாறித் தெரிந்தது. அதைப் பார்த்து அப்படியே பென்சிலால் வினைலின் பின்பக்கத்தில் வரைந்துகொண்டாள். பிறகு புது பிளேடு. வினைல் மட்டும் அறுபட வேண்டும், அடியிலுள்ள கண்ணாடித்தாள் அறுபடக் கூடாது. மயிரிழைதான் கணக்கு. கொஞ்சம் அமுக்கினால் போச்சு, வேறு துண்டும் இல்லை. இப்போது அந்தப் பழைய கை வந்து உதவியது பாருங்க! பன்னிரண்டு வருசம் தொட்டும் தொடாமல் பழகின கை, பிளேடைப் பூ மாதிரி ஓட்டியது. சுழி வளைந்தது, கொம்பு நின்றது. 'ள்' மேல் புள்ளி மட்டும் வட்டமாக வராமல் கொஞ்சம் புளியங்கொட்டை மாதிரி வந்தது.

சட்டை மேல் வைத்தாள். "மூணு, ரெண்டு, ஒண்ணு" என்றது தெரு. பூப்போல வெட்டின அதே கையின் பின்னால் உடம்பு முழுக்கச் சாய்ந்தது. 'டமார்!'

காணும் பொங்கல் சாயங்காலம் மைதானத்தில் இடம் இல்லை. கரும்பும் கையுமாகச் சனம். ஆனைக்குட்டத்துப் பெண்கள் ஒரே மாதிரிச் சிவப்புச் சேலையை இழுத்துச் செருகி, பார்த்தாலே பயம் வருகிற மாதிரி நின்றார்கள். நம்ம எட்டுப் பேரும் சேலைக்கு மேல் கருநீலச் சட்டையோடு வரிசையாக வந்தார்கள். ஒச்சப்பன் மைக்கை ஊதினான்.

"அன்பான ஊர்ப் பெரியோர்களே, முன்னால வர்றது லோடுமேன் சம்..." நிறுத்தினான். கண்ணைச் சுருக்கினான். "இருங்க, இருங்க. அப்படியே திரும்புங்க தாய்மாரே!"

எட்டு முதுகும் திரும்பின.

"கீர்த்திகா!" என்றான். விசில் பறந்தது. ஒவ்வொரு பேராக வாசித்தான், ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். "பானுப்பிரியா!" என்றபோது முனியராஜ் தோளில் கிடந்த துண்டை மேலே எறிந்தான், அது யார் தலையிலோ போய் விழுந்தது. "கடைசியில மலை மாதிரி நிக்கிறது... வள்ளித்தாய்!" வாட்ச்மேன் வேலையிலிருந்து நேராக வந்திருந்த அவள் புருசன், "எம் பொண்டாட்டி பேரு அதுதான்! அதேதான்!" என்று பக்கத்திலிருந்தவனை உலுக்கினான்.

முதல் இழுப்பு ஆனைக்குட்டத்துக்கு. ரெண்டாவது நம்ம ஆளுகளுக்கு. மூன்றாவதுதான் கண்ணுகளா, இழுப்பு! கயிறு நடுவில் நின்றுவிட்டது. இங்கேயும் வரவில்லை, அங்கேயும் போகவில்லை. கால் கரிசல் மண்ணில் புதைகிறது. சுடலைக்கு விசில் ஊதவும் மூச்சில்லை. பானு கயிற்றை அமுக்கிப் பிடித்தாள், பின்னால் சாய்ந்தாள், கைப்பிடி மேல் சாய்ந்த அதே சாய்ப்பு. "மூணு!" என்று கத்தினாள். எதற்குக் கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. "ரெண்டு!" என்றாள் வள்ளித்தாய். "ஒண்ணு!" என்றது அவர்கள் தெரு, ஒரே குரலாக.

எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் மல்லாக்க விழுந்தார்கள். கயிறு கோட்டைத் தாண்டிவிட்டது!

"ஜெயிச்சது!" என்று ஒச்சப்பன் அலறினான். "ஜெயிச்சது யாருன்னா... எந்திரிங்க தாய்மாரே... அட, முதுகு பூரா மண்ணு! ஒண்ணும் தெரியலையே!"

"காலண்டரு கிழிஞ்சிருச்சுடோய்!" என்றான் ஜெயபாண்டி, கூட்டத்துக்குள்ளிருந்து.

பானுவுக்கு அந்த ஒரு நொடி ஜெயித்ததே மறந்துபோச்சு. வள்ளித்தாயைத் திருப்பினாள். முதுகு முழுக்கக் கறுப்பாக அப்பிக் கிடந்தது. உள்ளங்கையை அகல வைத்து, அமுக்கி, பரக்பரக்கென்று தேய்த்தாள். தேய்க்கவே கூடாது என்று பன்னிரண்டு வருசம் படித்த கை, பாத்திரம் விளக்குகிற மாதிரித் தேய்த்தது. மண் உதிர்ந்தது. மஞ்சள் எட்டிப் பார்த்தது. 'வ' வந்தது, 'ள்' வந்தது, அதன் மேல் புளியங்கொட்டைப் புள்ளியும் வந்தது. 'ய்' வரைக்கும் ஒரு எழுத்து குறையவில்லை.

"இருக்காடி?" என்றாள் வள்ளித்தாய், திரும்பாமலே.

"முழுசா இருக்கீகக்கா."

பிறகு எட்டுப் பேரும் ஒருத்தி முதுகை ஒருத்தி தேய்க்க, ஒச்சப்பன் தொண்டை கட்டுகிற வரைக்கும் பேர்களை வாசித்தான். ஆனைக்குட்டத்து அணியின் தலைவி மண்ணைத் தட்டிக்கொண்டு வந்து பானுவின் சட்டை ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாள்.

"இது எங்கன அடிச்சீக?"

"எங்க வீட்லதான்."

"தோத்தவளுக்கும் பேரு உண்டுல்ல? சித்திரைப் பொங்கலுக்குள்ள எங்களுக்கும் எட்டு வேணும். சிவப்புல. எழுத்து இதவிடத் தடியா இருக்கணும், சொல்லிட்டேன்!"

கூட்டத்தில் போர்மேன் அருள்பாண்டியும் நின்றார். பானு நேராக அவரிடம் போனாள். அவர் அவள் வாயைத் திறக்க விடவில்லை. "தெரியுது தாயி, தெரியுது. வேற ஆளு போட்டுக்கிடுதேன்" என்றார்.

தை ஐந்து காலையில் கம்பெனிச் சங்கு ஊதியது. வள்ளித்தாயும் மற்றவர்களும் சாப்பாட்டுத் தூக்கோடு வேனுக்குப் போனார்கள். அவரவர் கவனம், அவரவர் மெதுவான கையோடு. வேன் தெருமுனை திரும்பியதும் பானு வீட்டிலிருந்து 'டமார்' என்று கேட்டது. ஒருத்தரும் வானத்தைப் பார்க்கவில்லை. கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் தலையைக்கூடத் தூக்காமல், "பானு வேலைய ஆரம்பிச்சிட்டா" என்று அடுத்த புள்ளியை வைத்தாள்.

கதை அம்புட்டுத்தான் கண்ணுகளா. பிடிச்ச கையை விட்டுறாதீங்க, இதையும் வாங்கிக்கிட்டுப் போங்க. உங்க வீட்டுல கேக்குற சத்தமெல்லாம் வேலை நடக்குற சத்தமாவே இருக்கட்டும். காலையில தூக்கு எடுத்துட்டுப் போனவுக எல்லாரும் போன மாதிரியே சாயங்காலம் வந்து கால் கழுவட்டும். மெதுவாத் தொட வேண்டியது எது, அமுக்கிப் பிடிக்க வேண்டியது எதுன்னு உங்க கைக்கே தெரியட்டும். உங்க வீட்டுப் பெண்மக்க பேரை ஊரு வாய் நிறையச் சொல்லட்டும். உலை கொதிக்க, வாசல் நிறைய, நல்லா இருங்க.